சார்லஸ் ஓடாத ஞாயிற்றுக்கிழமை

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிகிற நேரத்தில் சார்லஸ் ஓடவில்லை. வேறு யாராவது என்றால் அப்போதே பயந்திருப்பார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

எனக்கும் சார்லஸுக்கும் ஒரே கிணறு. அவன் என் சித்தப்பா மகன், என்னைவிடச் சின்னவன். பாகம் பிரித்த பெரியவர்கள் கடலைக் கொல்லையை நடுவில் வரப்புப் போட்டு ஆளுக்குப் பாதி கொடுத்தார்கள். கிணற்றில் வரப்புப் போட முடியாதல்லவா, அதனால் முறை வைத்தார்கள். திங்கள், புதன், வெள்ளி மோட்டார் எனக்கு. செவ்வாய், வியாழன், சனி அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடியும்வரை யாரும் மோட்டாரில் கை வைக்கக் கூடாது. முடிந்த பிறகு யார் முதலில் போய் ஸ்டார்ட்டரைத் தொடுகிறானோ அவனுக்கு அன்றைய தண்ணீர். வாரத்துக்கு ஏழு நாள் என்பதை மறந்துவிட்டுப் பாகம் பிரித்த அந்தப் புண்ணியவான்களை நான் திட்டாத நாள் இல்லை.

எங்கள் ஊர் ஆவூருக்குப் பக்கம். சின்னக் கோவில், ஞாயிற்றுக்கிழமை மட்டும் சாமியார் வந்து பூசை வைப்பார். அவர் கடைசி ஆசீருக்குக் கையைத் தூக்கும்போது நானும் சார்லஸும் வாசற்படியில் நிற்போம். சிலுவை போட்டது பாதி, போடாதது பாதியாக வண்டியை உதைப்போம். வழியில் வண்டியோடு மோதியிருக்கிறோம். கிணற்று மேட்டில் சட்டையைப் பிடித்திருக்கிறோம். பல வருஷமாக அவன் என்னை அண்ணே என்று கூப்பிட்டதில்லை. "யோவ் கண்டக்டர்" என்பான். நான் புதுக்கோட்டை–கீரனூர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர். மைக்கேல்சாமி என்று எனக்கொரு பெயர் இருப்பதையே அவன் மறந்துவிட்டான்.

அப்படிப்பட்டவன் அன்று ஆசீர் முடிந்து, பாட்டு முடிந்து, மெழுகுத்திரியை அணைத்த பிறகும் முழங்காலில் இருந்தான். வாசல்வரை போன நான் திரும்பிப் பார்த்தேன்.

"போங்கண்ணே. இன்னைக்கு நீங்களே தண்ணி விட்டுக்கங்க" என்றான்.

அண்ணே! எனக்கு உச்சிவரை ஏறியது. இவன் ஏதோ சூது செய்கிறான், ஃபியூஸைப் பிடுங்கி வைத்திருப்பான் என்று வண்டியை விரட்டிக்கொண்டு போனேன். ஃபியூஸ் இருந்தது. மோட்டார் ஓடியது. தண்ணீர் என் நிலக்கடலைக்குள் போனது. ஜெயித்த மாதிரியே இல்லை.

அதற்கு முந்தைய மாதம் எனக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தது. திருக்கோகர்ணம் ஸ்டாப்பிங்கில் ஏறிய ஒரு பூக்காரம்மாதான் முதலில் கண்டுபிடித்தது. "கண்டக்டரே, கண்ணு மஞ்சளாக் கெடக்கே" என்றது. வலி கிடையாது, காய்ச்சல் கிடையாது. உடம்பெல்லாம் அரிப்பு. பேன்ட் இடுப்பில் நிற்கவில்லை. கீழாநெல்லியை அரைத்துக் குடித்தேன், உப்பில்லாமல் தின்றேன். மஞ்சள் ஏறியதே தவிர இறங்கவில்லை. என் பெண்டாட்டி ஜெயராணி என்னைப் புதுக்கோட்டைக்கு இழுத்துப்போய் ஸ்கேன் எடுத்தாள். அங்கிருந்து திருச்சிக்கு அனுப்பினார்கள். திருச்சியில் வாய் வழியாகக் குழாயை விட்டுப் பித்தம் இறங்குகிற பாதையில் சின்னதாக ஒரு ட்யூபைப் பொருத்தினார்கள். மஞ்சள் மளமளவென்று இறங்கியது. அரிப்பு நின்றது. இரண்டு தட்டு சோறு தின்றேன்.

"என்ன வியாதியாம்?" என்று என் மகள் ஜெனிஷாவைக் கேட்டேன். கோயம்புத்தூரில் காலேஜில் பாடம் நடத்துகிறவள். டாக்டர்களிடம் பேசியதெல்லாம் அவள்தான்.

"கல்லுப்பா. பித்தக் கொழாயில அடைச்சிருந்துச்சு. இனி ஆபரேஷன் பண்ணி எடுக்கணும்."

"அதான் அடைப்பு போயிருச்சே. அப்புறம் எதுக்கு ஆபரேஷன்?"

"பெரிய கல்லுப்பா."

எங்கள் டிரைவர் நல்லதம்பிக்கும் கல்தான். வாழைத்தண்டுச் சாறு குடித்தே கரைத்துவிட்டதாகச் சொல்லுவான். அவனுக்கு இருந்தது சிறுநீரகத்தில், எனக்கு வேறு இடத்தில். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் தேவைப்படவில்லை. கல் கல்தானே. ஒரு கல்லுக்காக வயிற்றைத் திறக்க நான் என்ன இளிச்சவாயனா? "ஆவூர்த் தேர் முடியட்டும், பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டேன். ஜெயராணி தினமும் "போயிருவோங்க, போயிருவோங்க" என்று காதைத் தின்றாள். "அந்த ஆபரேஷன் டாக்டரம்மா வந்து எங்கிட்டச் சொல்லட்டும்" என்றால் மட்டும் வாயை மூடிக்கொள்வாள்.

அதன் பிறகுதான் உலகம் என்னிடம் கேவலமாக நடந்துகொள்ள ஆரம்பித்தது.

கேவலம் என்றுதான் சொல்லுவேன். டெப்போவில் நல்லதம்பியை வாய்க்கு வந்தபடி திட்டினேன், அவன் டீ வாங்கிக் கொடுத்தான். வருகிறவன் எல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் தூக்கிக்கொண்டு வந்தான். கல்லுக்கு எவனாவது ஆப்பிள் வாங்குவானா? வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் சுவரில் இருக்கும் மாதா படத்தைப் பார்த்துப் பேசினார்கள். மாதத்துக்கு ஒரு தடவை வருகிற ஜெனிஷா வாரம் தவறாமல் வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எல்லாவற்றையும்விட ஜெயராணி. நான் ஒன்று கத்தினால் இரண்டு கத்துகிறவள் அவள். அப்படித்தான் இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினோம். இப்போது நான் கத்தக் கத்த, "சரிங்க" என்றாள். குழம்புச் சட்டியை நகர்த்தி என் தட்டில் பெரிய மீனாகப் போட்டாள். ஒரு மனுஷனுக்கு அவன் வீட்டிலேயே சண்டை கிடைக்கவில்லை என்றால் அவன் எங்கே போவான்?

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சாமியார் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர், இளவயசு. கழுத்தில் ஊதாப் பட்டை, கையில் சின்ன எண்ணெய்ச் சிமிழ்.

எண்ணெயைப் பார்த்ததும் எழுந்துவிட்டேன். எங்கள் ஊரில் அதற்கு அவஸ்தை பூசுதல் என்று பெயர். என் அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது பூசினார்கள், விடிவதற்குள் முடிந்துவிட்டது. எண்ணெயை எடுத்துக்கொண்டு சாமியார் ஒரு வீட்டுக்குள் போனால் சாவுமணிக் கயிற்றைப் பிடிக்கக் கோவில் உபதேசியார் தயாராகிவிடுவார்.

"ஆருக்கு சாமி அவஸ்தை?" என்றேன்.

"அப்படிச் சொல்லாதீங்க மைக்கேல். இது இப்பல்லாம் சாகக் கெடக்கிறவங்களுக்கு மட்டும் இல்ல. நோயாளிக்குத் தைரியம் குடுக்கத்தான். ஆபரேஷனுக்கு முன்னாடி எல்லாரும் வாங்கிக்கிறாங்க."

"எந்த ஆபரேஷன்? நான்தான் போகலன்னு சொல்லிட்டேனே. கல்லுக்கு அவஸ்தை பூசுறது எந்த ஊரு வழக்கம்?"

சாமியார் ஜெயராணியைப் பார்த்தார். ஜெயராணி ஜெனிஷாவைப் பார்த்தாள். ஜெனிஷா தரையைப் பார்த்தாள். என்னை யாரும் பார்க்கவில்லை. அந்த அறையில் நான் ஏற்கெனவே இல்லாத மாதிரி இருந்தது. நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு, சாமியாருக்கு ஒரு ஸ்தோத்திரம்கூடச் சொல்லாமல் வெளியே போனேன்.

கால் தானாகக் கிணற்றுக்குப் போனது. செவ்வாய்க்கிழமை, சார்லஸின் முறை. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவன் மண்வெட்டியோடு வாய்க்காலில் நின்றான். தண்ணீர் அவன் கொல்லைக்குப் போகவில்லை, என் கொல்லையில் பாய்ந்துகொண்டிருந்தது. அவன் கடலைச் செடிகள் வெயிலில் சுருண்டு கிடந்தன.

"ஏண்டா, ஒன் முறையில எங்கொல்லைக்கு எதுக்குடா தண்ணி விடுற? நான் என்ன பிச்சைக்காரனா?"

"இருக்கட்டும்ணே. நம்ம தண்ணிதானே."

"அண்ணேங்காத! பல்லத் தட்டிருவேன். எனக்குத் தண்ணி விட்டு நல்ல பேரு வாங்கப் பாக்குறியா? ஒங்கப்பன் புத்தி ஒனக்கு எங்கிட்டுப் போகும்?"

இறந்துபோன சித்தப்பாவை இழுத்திருக்கக் கூடாதுதான். ஆனால் அதற்குத்தான் அவன் திரும்பினான். மண்வெட்டியை வீசினான். எத்தனையோ நாளாக அடக்கி வைத்த கோபம் அவன் கழுத்து நரம்பில் தெரிந்தது. அதைப் பார்க்க எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

"ஒனக்குக் கல்லு இல்லய்யா! கட்டி! கணையத்துல கட்டி! புத்துநோயி! போதுமா? கேட்டுக்கிட்டியா?"

மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. நான் கிணற்று மேட்டில் உட்கார்ந்தேன்.

"ஆரு சொன்னா?"

"ஒம் மகதான். எங்க வீட்டு வாசல்ல நின்னு அழுதுச்சு. 'சித்தப்பா, அப்பாகிட்ட சண்டைக்கு நிக்காதீங்க, அவருக்கு எதுவும் தெரியாது'ன்னுச்சு. நானும் பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடக்கேன்." அவன் மூச்சு வாங்கினான். "அது இன்னொண்ணும் சொல்லுச்சு. இப்ப அறுத்தா எடுத்துரலாமாம். பக்கத்துலயே பெரிய ரத்தக் கொழா போகுதாம். கட்டி அதப் புடிச்சுக்கிட்டா அப்புறம் கத்தியே வைக்க முடியாதாம். நீ என்னடான்னா தேரு முடியட்டும் தேரு முடியட்டும்ங்குற. ஊரே வாயப் பொத்திக்கிட்டு ஒன்னயப் பாத்துக்கிட்டிருக்கு."

"ஊருக்கே தெரியுமா?"

"ஆடு மேய்க்கிற ராக்கனுக்கே தெரியும்."

என் வயிறு. என் கணையம். அப்படி ஒன்று எனக்குள் இருப்பதே எனக்குத் தெரியாது. ஆடு மேய்க்கிற ராக்கனுக்கு அதில் கட்டி இருப்பதுவரை தெரியும்! பயம் வந்ததா என்று கேட்டால், வந்தது. ஆனால் பயத்துக்கு முன்னால் கோபம்தான் வந்து உட்கார்ந்துகொண்டது. என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி ஏமாற்றியிருக்கிறார்கள், அந்த ஏமாற்றை நம்பி நானே என் சாவைத் தேருக்குப் பிறகு என்று தள்ளிவைத்திருந்தேன்.

சார்லஸ் மண்வெட்டியைப் பொறுக்கி எடுத்தான். வாய்க்காலை அடைத்து, தண்ணீரை அவன் கொல்லைப் பக்கம் திருப்பினான்.

"போயிப் பொழச்சு வா. ஒனக்கு விட்டுக் குடுத்து விட்டுக் குடுத்து எங் கடல காஞ்சுபோச்சு" என்றான்.

வீட்டுக்குப் போனபோது சாமியார் போயிருந்தார். தாயும் மகளும் அதே இடத்தில் இருந்தார்கள். "கணையம்" என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். ஜெனிஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொன்னா நீங்க சாப்பிடாமக் கொள்ளாமப் படுத்துருவீங்கன்னு பயந்தேம்பா."

"நானா படுப்பேன்? ஏம்மா, எங்கிட்டுப் போற பஸ்ஸுன்னு சொல்லாம ஒருத்தன ஏத்தி உக்கார வச்சா, அவன் நடு வழியில எறங்கிப் போகத்தான் செய்வான். கல்லுன்னு சொன்னே, நான் எறங்கிட்டேன். தப்பு எம்மேலயா?"

அவள் அழுதாள். நான் நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். ஆப்பிளைத் தூக்கி வாசலில் எறிந்தேன். அப்போதுதான் ஜெயராணி எழுந்தாள்.

"போதும் நிறுத்துங்க! ஒங்களுக்கு மட்டுந்தான் கோவமா? ஒரு மாசமா அடுப்படியில முந்தானைய வாயில வச்சு அழுதுக்கிட்டிருக்கேன். அந்த டாக்டரம்மா, 'கல்லுன்னு நான் சொல்ல மாட்டேன், அவருகிட்ட உள்ளதச் சொல்லித்தான் கையெழுத்து வாங்குவேன்'னுட்டாங்க. ஒங்களக் கூட்டிட்டுப் போனாலும் பயம், போகாட்டியும் பயம். நான் எங்கிட்டுத்தான் போறது? நீங்க நிம்மதியாக் கத்துறீங்க, எனக்குக் கத்தக்கூட நாதியில்ல!"

அவள் கத்தக் கத்த எனக்கு உடம்பு கொஞ்சம் நிதானப்பட்டது. கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து அழுதோம். விடிந்ததும் திருச்சிக்குப் பஸ் ஏறினோம்.

சர்ஜன் பெயர் உண்ணாமலை. பொன்னமராவதிப் பக்கத்து அம்மா, நரைத்த தலை, சிரிக்கவே சிரிக்காத முகம். எனக்கு உடனே பிடித்துவிட்டது.

"ஒங்க வயித்துல இருக்கிறது என்னன்னு தெரியுமா?" என்றார்.

"ஊருல எல்லாருக்கும் தெரிஞ்சப்புறம் எனக்கும் தெரியும்."

அவர் ஒரு தாளில் படம் போட்டார். இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே படுத்திருப்பது கணையம். அதன் தலைப் பக்கத்தில் கட்டி. அந்தத் தலையை வெட்ட வேண்டும். அதை ஒட்டியிருக்கிற முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக் குழாயில் ஒரு துண்டு எல்லாம் கூடவே போய்விடும். மிச்சமிருக்கிற கணையத்தையும் பித்தக் குழாயையும் இரைப்பையையும் குடலோடு மறுபடி இணைத்துத் தைக்க வேண்டும். காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவேன். கணையத்தில் போட்ட தையல் கசியலாம், ரத்தம் போகலாம், சர்க்கரை வரலாம். எதையும் அவர் இனிப்புத் தடவிச் சொல்லவில்லை.

"தெறந்து பாக்கும்போது கட்டி ரத்தக் குழாயப் புடிச்சிருந்தா எடுக்காம மூடிருவேன். அப்படி ஆனாலும் மொதல்ல ஒங்ககிட்டத்தான் சொல்லுவேன்" என்றார்.

"எங்கிட்டயா, இவுங்ககிட்டயா?"

"வயிறு ஒங்களோடதுதானே?"

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் சாமியாரை நானே போனில் கூப்பிட்டு, எண்ணெயைக் கொண்டுவரச் சொன்னேன். அவர் நெற்றியில் பூசும்போது, அன்றைக்கு எழுந்து போனதற்கு மன்னிப்புக் கேட்டேன். நாற்காலியை உதைத்ததற்குக் கேட்கவில்லை, அது என் நாற்காலி.

கண் விழித்தபோது மூக்கில் ஒரு குழாய், வயிற்றின் இரண்டு பக்கமும் குழாய், கழுத்தில் ஊசி. தொண்டை வறண்டு பேச்சு வரவில்லை. டாக்டரம்மா தலைமாட்டில் நின்றார்.

"எடுத்தீங்களா, மூடிட்டீங்களா?" என்றேன். சத்தம் காற்றாகத்தான் வந்தது.

"எடுத்தேன்."

நான் கண்ணை மூடிக்கொண்டு அழுதேன். தைத்த வயிறோடு அழுவது எவ்வளவு வலிக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதற்கும் கோபம் வந்தது.

நடுவில் தையல் கொஞ்சம் கசிந்தது, காய்ச்சல் வந்தது, வீட்டுக்குப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போனது. ஸ்பூன் ஸ்பூனாகக் கஞ்சி கொடுத்தார்கள். கோழிக் குழம்பு கேட்டு நர்ஸிடம் சண்டை போட்டேன். டிஸ்சார்ஜ் அன்று டாக்டரம்மா பயாப்ஸி முடிவைச் சொன்னார். வெட்டிய ஓரங்கள் சுத்தம். ஆனால் பக்கத்து நெறிக்கட்டி ஒன்றில் புற்று இருந்தது. அதனால் புற்றுநோய்க்கான ஊசி மருந்து கொஞ்ச காலம் போட வேண்டும். திரும்ப வராது என்று அவரால் உறுதி சொல்ல முடியாது. உள்ளதைச் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன். எங்கே போகிற பஸ் என்று தெரிந்தால் உட்கார்ந்து வரலாம்.

ஆனால் ஊர் திருந்தவில்லை. வந்த அன்றே மறுபடி ஆப்பிள் வந்தது. "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிரும்" என்று மறுபடி மாதா படத்தைப் பார்த்துச் சொன்னார்கள். சார்லஸ் வரவில்லை. அவன் பெண்டாட்டி மட்டும் வந்து விசாரித்துவிட்டுப் போனாள்.

நடமாட்டம் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போனேன். வாசல் ஓரமாக எனக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். வரிசைக்கு ஒருவர் திரும்பிப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். மன்றாட்டில், "நோயுற்றிருக்கும் மைக்கேல்சாமிக்காக" என்று வாசித்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உட்கார்ந்திருக்கிறவனைப் படுக்க வைத்து மன்றாடுகிறார்கள். சார்லஸ் முன்வரிசையில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அவன் என்ன செய்யப் போகிறான் என்பதைத்தான் நான் பூசை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை இன்றைக்கும் முழங்காலில் இருந்து அண்ணே என்று சொல்லிவிட்டால் நான் செத்துப்போவேன் என்று தோன்றியது.

சாமியார் கடைசி ஆசீருக்குக் கையைத் தூக்கினார். சார்லஸ் சுவரோரமாக நழுவினான். என் நாற்காலியைத் தாண்டி, என்னை ஏறிட்டுக்கூடப் பார்க்காமல், சிலுவையைப் பாதி போட்டுக்கொண்டே வாசற்படி இறங்கினான். வண்டியை உதைக்கிற சத்தம் கேட்டது. ஊருக்குத் தெரிந்ததெல்லாம் அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் ஓடினான்.

"டேய் சார்லஸ்! பூசை முடியலடா!" என்று கத்தினேன். கோவில் மொத்தமும் திரும்பியது. சாமியாரின் கை அந்தரத்தில் நின்றது.

"யோவ் கண்டக்டர், முடிஞ்சா வந்து புடிய்யா!" என்று வெளியிலிருந்து குரல் வந்தது.

"எங்க எந்திரிக்கிறீங்க? தையலு! தையலு!" என்று ஜெயராணி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். வயிறு சுருக்கென்றது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து, வாசலில் என் செருப்பைத் தேடினேன்.